மண்டபத்தைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: கரீபியன் மருத்துவப் படிப்பு பற்றி ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, உறுப்பினர்களே,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உயர்தரப் பெறுபேறுகள் வந்து சில வாரங்களுக்குள் நம் ஊர்களில் பதாகைகள் ஏறிவிடுகின்றன. ‘வெளிநாட்டில் மருத்துவம், இலவசக் கருத்தரங்கு, அனைவரும் வருக.’ பங்களாதேஷ், நேபாளம், சீனா, ரஷ்யா என்ற பெயர்கள் நமக்குப் பழகியவை. இப்போது அவற்றோடு கரீபியன் தீவுகளின் பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. கடற்கரையும் வெள்ளைக் கட்டடமும் அமெரிக்கக் கொடியும் உள்ள படம், ‘அமெரிக்க எம்.டி. பட்டம்’ என்ற வரி. கருத்தரங்கு நடக்கும் இடம் பெரும்பாலும் உங்கள் பாடசாலை மண்டபம். அதனால்தான் இந்த மடலை, பிள்ளைகளை அந்தக் கல்லூரிகளில் சேர்த்துவிடும் முகவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டங்களில் உயர்தர உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோன பிள்ளைகளின் பெற்றோர் இன்றும் என் வீட்டுக்கு வருகிறார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருந்தும், மருத்துவபீட இடம் என்பது நம் பிள்ளைகளுக்கு எட்டியும் எட்டாத ஒன்றாகவே இருக்கிறது. மூன்று முறை பரீட்சை எழுதி, மூன்றாம் முறையும் சில தசமங்களில் தவறிய ஒரு பிள்ளையிடம் ‘வேறு துறை பார்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வெளிநாடு போய்ப் படிக்க நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. யாரும் போகக்கூடாது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இது. நீங்கள் மண்டபத்தை ஒரு மாலைக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். ஆனால் வந்து அமரும் தாய்க்கு அது வாடகை மண்டபமாகத் தெரிவதில்லை. மேடைக்குப் பின்னால் பாடசாலையின் இலச்சினை இருக்கிறது. முன்வரிசையில் அதிபர் இருக்கிறார். சங்கத்தின் செயலாளர் முகவரை வரவேற்றுப் பேசுகிறார். ‘பள்ளிக்கூடமே கூட்டி வந்திருக்கிறது’ என்று அந்தத் தாய் நம்புகிறார். அந்த நம்பிக்கையின் பேரில் அன்றே பதிவுக் கட்டணம் கட்டுகிறார். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் இதே பேச்சு நடந்தால் களுவாஞ்சிகுடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ போன ஒருவர் பத்துக் கேள்வி கேட்டிருப்பார். உங்கள் மண்டபத்தில் கேட்பதில்லை. ஆகவே அவர்களுக்காக நீங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிய, இந்தக் கல்லூரிகள் எதற்காகத் தோன்றின என்பதை அறிந்திருப்பது நல்லது.

1970களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காத அமெரிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்காகவே அமெரிக்கத் தொழில்முயற்சியாளர்கள் அருகிலுள்ள தீவுகளில் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். கிரனடாவில் செயின்ட் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகம் 1976இல் நிறுவப்பட்டது. டொமினிக்காவில் ரோஸ் பல்கலைக்கழகமும், மொன்செராட்டில் அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஒஃப் த கரீபியனும் 1978இல் வந்தன. 1983இல் அமெரிக்கா கிரனடாவில் படையிறக்கியபோது அது காட்டிய காரணங்களில் ஒன்று, அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் பாதுகாப்பு. அந்த வகுப்பறைகள் யாருக்காகக் கட்டப்பட்டன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பாடத்திட்டம் இன்றும் அதே நோக்கத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வருடம் தீவில் அடிப்படை மருத்துவ விஞ்ஞானம், அடுத்த இரண்டு வருடம் பெரும்பாலும் அமெரிக்க வைத்தியசாலைகளில் சிகிச்சைப் பயிற்சி, நடுவிலும் முடிவிலும் யூ.எஸ்.எம்.எல்.இ. என்னும் அமெரிக்க உரிமப் பரீட்சைகள், அதற்குப் பின் அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் பயிற்சி வைத்தியர் இடம். அந்த இடம் கிடைக்காதவருக்கு எம்.டி. பட்டம் மட்டும் அமெரிக்காவில் வைத்தியம் செய்யும் உரிமையைத் தருவதில்லை.

நான்கு வருடம் என்பதும் அமெரிக்கக் கணக்கு. அங்கே ஒரு பட்டப்படிப்பை முடித்த பிறகே மருத்துவத்துக்குப் போவார்கள். உயர்தரத்தோடு போகும் நம் பிள்ளை அதற்கு முன்னே ‘பிரீமெட்’ என்ற ஆயத்தப் படிப்பை ஒன்று, இரண்டு வருடமோ அதற்கு மேலோ படிக்க வேண்டும். கருத்தரங்கில் சொல்லப்படும் கட்டணத்தில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கேட்டு அறிய வேண்டும்.

இந்தப் பாதை அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு ஒரு மாதிரி, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைக்கு வேறு மாதிரி. முதலாமவர் இரண்டு வருடம் முடித்துத் தன் நாட்டுக்குத் திரும்புகிறார். நம் பிள்ளை தீவுக்கு ஒரு விசா, சிகிச்சைப் பயிற்சிக்கு அமெரிக்க விசா, பிறகு ரெசிடென்சிக்கு இன்னொரு விசா என்று மூன்று வாசல்களில் நிற்க வேண்டும். நடுவாசல் மூடினால் படிப்பே பாதியில் நின்றுவிடும். 2024ஆம் ஆண்டு அமெரிக்க ரெசிடென்சி இட ஒதுக்கீட்டில் அந்நாட்டு எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 வீதத்தினர் இடம் பெற்றார்கள். வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 வீதம். வெளிநாட்டில் படித்த, அமெரிக்கர் அல்லாதவர்களில் 58.5 வீதம். நம் பிள்ளை கரீபியனில் படித்தாலும் கடைசி வரிசையில்தான் எண்ணப்படுவார். மேடையில் திரையிடப்படும் எண் பெரும்பாலும் கல்லூரியின் மொத்த எண். அதில் அமெரிக்க மாணவர்களும் கலந்திருப்பார்கள். ‘இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு போனவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?’ என்று தனியாகக் கேளுங்கள்.

இடம் கிடைத்த பிறகும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வைத்தியர் பலர் ரெசிடென்சிக்குப் போவது ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில். அதற்கு நம் சுகாதார அமைச்சிடமிருந்து ஒரு கடிதம் பெற்றுக் கொடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. வைத்தியர் பற்றாக்குறையுள்ள அமெரிக்கப் பகுதிகளில் வேலை செய்ய ஒப்புக்கொண்டு அதிலிருந்து விலக்குப் பெறுகிறவர்களும் உண்டு. ‘படித்து முடித்தால் அங்கேயே குடியுரிமை’ என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னதை என் காதால் கேட்டேன். இந்த விதியை அவர் வாய்திறந்து சொல்லவில்லை.

இனி, ஊருக்குத் திரும்பி வர நினைக்கும் பிள்ளை. நம் பெற்றோரில் பெரும்பாலானோரின் மனதில் இருப்பது இதுதான். மகள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ வேலை செய்ய வேண்டும், மாலையில் வீட்டுக்கு வர வேண்டும். அந்தக் கனவுக்குக் கரீபியன் மிகச் சுற்றான வழி. இலங்கை மருத்துவச் சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றிருக்க வேண்டும். உயர்தரத்திலோ அதற்கு ஈடான பரீட்சையிலோ சபை கேட்கும் குறைந்தபட்சத் தகுதி பிள்ளையிடம் இருக்க வேண்டும். அதன்பின், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை. பழையவர்கள் அதை இன்னும் ‘அக்ட் சிக்ஸ்டீன்’ என்றே சொல்வார்கள். அதில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி.

‘சாதாரண தரம் முடித்தவுடனேயே வரலாம், உயர்தரம் தேவையில்லை’ என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். தீவிலுள்ள கல்லூரி சேர்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து மருத்துவச் சபை அந்தப் பிள்ளையைப் பதிவு செய்யாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது பெரும் அநியாயம். வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேட்க மறக்காதீர்கள்.

ஈ.ஆர்.பி.எம். இலங்கையின் நோய்களையும் இலங்கையின் சுகாதார முறையையும் பற்றியும் கேட்கும். சமுதாய மருத்துவமும் சட்ட மருத்துவமும் அதில் உண்டு. அமெரிக்க நகரமொன்றின் வைத்தியசாலையில் பயிற்சி பெற்றவருக்கு மாரடைப்பும் நீரிழிவும் நன்றாகத் தெரியும். வயலில் இறங்கியவருக்கு வரும் எலிக்காய்ச்சலையும், விரியன் கடித்து வருபவரையும், டெங்குக் காய்ச்சலின் ஆபத்தான நான்காம் ஐந்தாம் நாளையும் அவர் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார். வந்து படித்துச் சித்தியடையலாம். அதற்கும் காலமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

சித்தி வீதம் என்று காட்டப்படும் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த பெற்றோர்களே அதில் ஏமாறுகிறார்கள். பல கரீபியன் கல்லூரிகள், உள்ளே நடக்கும் ஒரு தகுதிகாண் பரீட்சையில் தேறியவர்களை மட்டுமே யூ.எஸ்.எம்.எல்.இ. முதற்கட்டத்துக்கு அனுப்புகின்றன. நூறு பேர் சேருகிறார்கள் என்று வையுங்கள். இடையில் நாற்பது பேர் விலகியோ விலக்கப்பட்டோ, மீதி அறுபது பேர் பரீட்சை எழுதி, ஐம்பத்தேழு பேர் சித்தியடைந்தால், துண்டுப்பிரசுரத்தில் ‘95 வீதம்’ என்று போடலாம். அது பொய்யான எண் இல்லை. ஆனால் சேர்ந்தவர்களில் தேறியவர் 57 வீதம்தான். கட்டணம் கட்டியது நூறு குடும்பம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள் என்பதே பெற்றோருக்குத் தேவையான எண்.

2022 ஏப்ரலில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு ஒரு கரீபியன் மருத்துவக் கல்லூரி மீதும் அதை அமெரிக்காவிலிருந்து நடத்தியவர்கள் மீதும் இதே விடயத்துக்காக நடவடிக்கை எடுத்தது. முதற்கட்டப் பரீட்சையில் ஏறக்குறைய 97 வீதம் சித்தி என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். பரீட்சைக்கு வேண்டிய பாடங்களை முடித்த மாணவர்களில் சித்தியடைந்தவர்கள் 35 வீதமே என்றது ஆணைக்குழு. 12 இலட்சம் டொலர் தீர்ப்பில் அது முடிந்தது. அமெரிக்க மாணவனுக்கு முறையிட அப்படி ஓர் ஆணைக்குழு இருக்கிறது. ஆரையம்பதியில் பணம் கட்டிய தந்தை எங்கே போய் முறையிடுவார்?

‘உலக மருத்துவப் பள்ளிகள் அடைவில் எங்கள் பெயர் இருக்கிறது’ என்பது அடுத்ததாகச் சொல்லப்படும். அந்த அடைவு ஒரு பெயர்ப்பட்டியல். அதில் பெயர் இருப்பது தர அங்கீகாரம் ஆகாது. அடைவை நடத்துகிறவர்களே அதைச் சொல்கிறார்கள். அங்கீகாரம் என்பது வேறு அமைப்பின் வேலை. கரீபியன் நாடுகளுக்காக ‘சி.ஏ.ஏ.எம்.-எச்.பி.’ என்ற அங்கீகார அமைப்பு இருக்கிறது. சில கல்லூரிகளை அயர்லாந்திலுள்ள ‘ஏ.சி.சி.எம்.’ என்ற அமைப்பு மதிப்பிடுகிறது. இப்படிப்பட்ட அமைப்புகளை உலக மருத்துவக் கல்விச் சம்மேளனம் ஏற்றிருக்கிறதா என்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். எந்த அமைப்பு, எந்தத் திகதிவரை, நிபந்தனையோடா நிபந்தனையின்றியா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கல்லூரி எந்த நாட்டில் பதிவானது என்பதையும் கேளுங்கள். தென்னமெரிக்க நிலப்பரப்பிலுள்ள கயானாவும் கரீபியன் என்றே சந்தைப்படுத்தப்படுகிறது; அதில் தவறில்லை, ஆனால் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் பிள்ளை படிக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாக் கரீபியன் கல்லூரியும் ஒன்றல்ல. மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகம் 1948இல் ஜமேக்காவில் மருத்துவ மாணவர்களோடுதான் தொடங்கியது. அந்தப் பிராந்தியத்து மக்களுக்கான வைத்தியர்களை உருவாக்கும் அரச பல்கலைக்கழகம் அது. நான் இங்கே பேசும் வணிகக் கல்லூரிகளோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது. வணிகக் கல்லூரிகளிலும் பெரியவை சில, அமெரிக்காவுக்கு வருடந்தோறும் நூற்றுக்கணக்கில் வைத்தியர்களை அனுப்புகின்றன. என்னிடம் படித்த ஒரு மாணவி அப்படியொரு கல்லூரியில் படித்து இன்று அமெரிக்காவில் வைத்தியராக இருக்கிறாள். கெட்டிக்காரி, கடும் உழைப்பாளி. அதோடு, அவள் போகும் முன்பே தந்தைவழியில் அவளுக்கு அமெரிக்க வதிவுரிமை கிடைத்திருந்தது. மேலே சொன்ன விசா வாசல்கள் அவளுக்கு இருக்கவில்லை. அவளுடைய படத்தை எவரும் பதாகையில் போடுவதானால் அந்தச் செய்தியையும் சேர்த்துப் போட வேண்டும்.

இன்னொரு மாணவன் சிறு தீவொன்றுக்குப் போனான். ஆயத்தப் படிப்பை முடித்து, அடிப்படை விஞ்ஞானத்தில் சில பருவங்களும் படித்தான். தகுதிகாண் பரீட்சையில் இருமுறை தவறினான். அதே நேரத்தில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. கட்டணம் டொலரில், தந்தையின் வருமானம் இரண்டு போக நெல்லில். முகவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவன் பட்டமில்லாமல் திரும்பினான். இவையெல்லாவற்றையும் விட என்னை வருத்துவது வேறு. வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருந்தது அவன் தங்கைக்கென்று எழுதப்பட்ட வீடு.

நம் இரு மாவட்டங்களிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. மகள் பிறந்த நாளிலிருந்து தகப்பன் அத்திவாரம் போடத் தொடங்குகிறான். நம் குடும்பங்களில் ஈடு வைக்கத்தக்க பெரிய சொத்து பெரும்பாலும் அந்த வீடும் கொஞ்சம் வயலும்தான். பெயர்பெற்ற கரீபியன் கல்லூரிகளில் நான்கு வருடப் படிப்புக் கட்டணம் மட்டுமே இரண்டு இலட்சம் டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபா என்று பார்த்தால் ஆறு கோடிக்கு மேல். அமெரிக்க மாணவருக்கு அந்நாட்டு அரசின் கல்விக் கடன் வழி இருக்கிறது, நமக்கு இல்லை. ஆகவே நம்மூரில் விற்கப்படுபவை பெரும்பாலும் மலிவான கல்லூரிகள். அங்கீகாரமும் தேர்ச்சி வீதமும் மிகவும் பலவீனமாக இருப்பதும் அவற்றில்தான். ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளையின் வீட்டை ஈடு வைக்கும் குடும்பத்துக்கு, நடக்கக்கூடியவை அனைத்தையும் அறியும் உரிமை இருக்கிறது. அந்தத் தங்கையிடம் யாரும் கேட்கவில்லை. அவள் அந்த மண்டபத்துக்கே வந்திருக்கவில்லை.

புயல், எரிமலை போன்ற இயற்கை அழிவுகளையும் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட நமக்கு அது புரியும். 1995இல் எரிமலையால் மொன்செராட் கல்லூரி வேறு தீவுக்குப் போனது. 2017இல் மரியா சூறாவளிக்குப் பிறகு டொமினிக்காவிலிருந்த கல்லூரி ஒரு கப்பலிலும், பின்பு அமெரிக்காவின் டென்னசியிலும் வகுப்பு நடத்தி, 2019இல் பார்படோசுக்கு இடம்மாறியது. பெரிய கல்லூரிகளால் அப்படி மாணவர்களைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. சிறிய கல்லூரியிடம் அதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. மண்டபம் கேட்டு வரும் முகவரிடம், மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்துமூலப் பதிலை இரண்டு வாரம் முன்னதாக வாங்குங்கள். அதைத் தமிழில் அச்சிட்டு வாசலில் வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பதில் தராதவருக்கு மண்டபம் கொடுக்காதீர்கள். பாடசாலை வளவுக்குள் பதிவுக் கட்டணமோ முற்பணமோ வாங்க அனுமதிக்காதீர்கள். பணம் கட்டுகிறவர் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகக் கட்டட்டும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதியை வாசித்துவிட்டுக் கட்டட்டும். மருத்துவச் சபையின் ஏற்பு பற்றி முகவர் காட்டும் நிழற்பிரதியை ஏற்காமல், சங்கத்தின் கடிதத் தலைப்பில் சபைக்கே எழுதிக் கேளுங்கள். தனியொரு தந்தை எழுதுவதைவிடச் சங்கம் எழுதினால் பதில் விரைவாக வரும்.

இன்னொன்று, இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன். மேடையில் ஒரு நாற்காலியை வெளிநாட்டில் படித்து ஈ.ஆர்.பி.எம். தேறிய ஒரு வைத்தியருக்கு ஒதுக்குங்கள். நம் வைத்தியசாலைகளில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் உங்கள் பழைய மாணவர்கள். எத்தனை வருடம் பிடித்தது, எவ்வளவு செலவானது, எங்கே தடுமாறினோம் என்று அவர்கள் அரை மணி நேரம் பேசட்டும். திரும்பி வந்த பிள்ளைகளும் விரும்பினால் பேசட்டும். அவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்க்காத சபையாக உங்கள் சபை இருக்கட்டும்.

அடுத்த பெறுபேறுகள் வெளியாகும் முன் உங்கள் செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த மடலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் படிவமாக எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சங்கம் கேட்டாலும் தருகிறேன், அழைத்தால் கூட்டத்துக்கும் வருகிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஓய்வுபெற்ற உயர்தர உயிரியல் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.